பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்டை நிதானமாக ஆடி முடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

திரையில் ஓர் அம்புக்குறி தெரியும். அதன் பின்னால் ஓடி, காட்டிய இடத்தில் ஒரு பட்டனை அழுத்தி, பரிசை வாங்கிக்கொண்டு அடுத்த அம்புக்குறிக்குப் போவோம். இப்போது வரும் பெரிய ரோல்-பிளேயிங் கேம்கள் பலவற்றில் மணிக்கணக்கான நேரம் இப்படித்தான் கரைகிறது. முடித்த மறுவாரம் ஒரு கதாபாத்திரத்தின் பெயர்கூட மனதில் நிற்பதில்லை. கதைக்காக ஆட வேண்டும், பேசிப் பேசியே ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும், எடுத்த முடிவு ராத்திரி படுத்த பிறகும் மனதைக் குடைய வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்லும் பெயர் பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்.

1999 டிசம்பரில் பிளாக் ஐல் ஸ்டுடியோஸ் உருவாக்கி இன்டர்பிளே வெளியிட்ட கேம் இது. தலைமை வடிவமைப்பாளர் கிறிஸ் அவலோன். பயோவேர் உருவாக்கிய இன்ஃபினிட்டி எஞ்சினில் ஓடுகிறது. உள்ளே இருக்கும் எழுத்து ஏறக்குறைய 8 லட்சம் சொற்கள் என்பார்கள். ஓர் ஆட்டத்தில் அதில் ஒரு பகுதிதான் கண்ணில் படும். பக்கக் கதைகளையும் சேர்த்து நிதானமாக ஆடினால் 40 முதல் 50 மணி நேரம் ஆகும்.

ஆசையோடு தொடங்கும் பலர் இதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கேம் கடினம் என்பது காரணமில்லை. மற்ற கேம்களில் பழகிய கையோடு, சண்டைக்கு ஏற்ற கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு இதற்குள் வருகிறார்கள். இங்கே ஆயுதம் வாசிப்புதான். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒன்றை ஒட்டியே போகும். கதையின் முடிச்சுகள் எதையும் அவிழ்க்கவில்லை. சிக்கிக்கொள்ளும் இடங்களில் மட்டும் கை கொடுத்திருக்கிறோம்.

எந்தப் பதிப்பு, எந்தக் கருவி

2017 ஏப்ரலில் பீம்டாக் வெளியிட்ட என்ஹான்ஸ்டு எடிஷனையே வாங்குங்கள். 1999 பதிப்பு 640-க்கு 480 என்ற அளவில் மட்டும் ஓடக்கூடியது. இன்றைய திரையில் அதைச் சரியாகக் காட்ட, ரசிகர்கள் செய்து வெளியிடும் மாற்றக் கோப்புகளை (மாட்) ஒன்றன்மேல் ஒன்றாகப் போட வேண்டியிருக்கும். புதிய பதிப்பு ஸ்டீம், ஜிஓஜி இரண்டிலும் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு, ஐபேட் பதிப்புகளும் உண்டு. தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம், அலுவலக வேலைக்கு வாங்கிய சாதாரண லேப்டாப்பே போதும். டேப்லெட்டில் புத்தகம்போலக் கையில் வைத்துப் படிப்பதும் சுகமாகவே இருக்கும். போன் திரையில் வேண்டாம், பத்தி பத்தியாக வரும் எழுத்தை அதில் படித்தால் ஒரு மணி நேரத்தில் கண் வலிக்கும்.

நிறுவியதும் கதைக்குள் போகாதீர்கள். முதலில் ஆப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போய் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். சாய்ந்து உட்கார்ந்தபடியே மூன்று வரிகளைச் சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் அதுதான் உங்களுக்கு ஏற்ற அளவு. அடுத்து, சண்டையின் சிரம அளவைக் குறையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்தக் கேமின் சண்டை அதன் பலவீனமான பகுதி, அதைக் கடினமாக்குவதால் கதைக்கு எதுவும் கூடிவிடாது. மூன்று விசைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஸ்பேஸ் அழுத்தினால் ஆட்டம் நிற்கும், டேப் அழுத்தினால் சுற்றியுள்ள கதவுகளும் பெட்டிகளும் பொருட்களும் ஒளிரும், க்யூ அழுத்தினால் உடனடி சேவ். அந்த உடனடி சேவ் ஒன்றை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு புதிய பகுதிக்குள் நுழையும்போதும் தனிப் பெயரில் ஒரு சேவ் வையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் பக்கத்தில் இருக்கட்டும். கேமுக்குள் ஜர்னல் உண்டு, ஆனால் யார் எதைச் சொல்லும்போது தயங்கினார், யார் பேச்சை மாற்றினார் என்பதெல்லாம் அதில் ஏறாது.

21 புள்ளிகள்

கதாபாத்திரத்தை உருவாக்கும் திரையில் ஆறு பண்புகள் இருக்கும். எல்லாமே 9-இல் தொடங்கும், பிரித்துப் போட உங்களிடம் 21 புள்ளிகள். பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். வேறு கேமில் பழகியபடி வலிமைக்கும் உடல் உறுதிக்கும் அள்ளிப் போடுகிறார்கள். தொடக்கச் சண்டைகள் சுலபமாக இருக்கும். ஆனால் பத்து மணி நேரம் கழித்து, 'இந்தக் கேமில் எல்லாரும் புகழும் அந்த உரையாடல்கள் எங்கே?' என்று தேடுவார்கள். உரையாடலில் ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்கத் தேவையான அளவு பண்பு உங்களிடம் இல்லையென்றால், அந்தப் பதில் திரையிலேயே வராது. பூட்டிய கதவு தெரிந்தால் சாவியைத் தேடலாம். இங்கே கதவு இருப்பதே தெரியாது.

நாங்கள் பரிந்துரைப்பது இதுதான்: ஞானம் 18, அறிவு 16, கவர்ச்சி 14. மொத்தம் 9+7+5, சரியாக 21 புள்ளிகள். வலிமை, லாகவம், உடல் உறுதி மூன்றும் 9-இலேயே இருக்கட்டும். ஞானத்தை முதலில் உச்சிக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு காரணங்கள். நாயகன் மறந்துபோன நினைவுகள் பலவும் ஞானம் இருந்தால்தான் திரும்பும். அது மட்டுமின்றி, ஞானம் உயர உயரக் கிடைக்கும் அனுபவப் புள்ளிகளும் கூடும். ஒவ்வொரு லெவல் ஏறும்போதும் ஒரு பண்புப் புள்ளி கிடைக்கும். அதை அறிவுக்கும் கவர்ச்சிக்கும் மாற்றி மாற்றிப் போட்டு வாருங்கள்.

சண்டையில் அடி வாங்குவோமே என்ற பயம் வரும். அடி விழத்தான் செய்யும். ஆனால் இந்தக் கதையின் நாயகன் சாக முடியாதவன். விழுந்தால் வேறோர் இடத்தில் கண் விழிப்பான், ஆட்டம் தொடரும். நிரந்தரமாகச் சாகும் இடங்கள் மிகக் குறைவு. அவற்றில் முக்கியமானது, நகரத்தை ஆளும் 'வலியின் தலைவி'யை மீண்டும் மீண்டும் சீண்டுவது. நகரத்தைப் பழுதுபார்க்கும் டபஸ் என்ற உயிரினங்களைக் கொல்வதும் அவளைச் சீண்டுவதில் சேரும். ஆகவே தோற்றவுடன் பழைய சேவ் ஒன்றை மறுபடி ஏற்றும் பழக்கத்தை இங்கே விட்டுவிடலாம். சாவும் இந்தக் கதைக்குள் நடக்கும் ஒரு நிகழ்வுதான்.

முதல் இரண்டு மணி நேரம்: பிணவறை

ஒரு கல் மேடையில் கண் விழிக்கிறீர்கள். மிதக்கும் மண்டை ஓடு ஒன்று பேச வருகிறது. அவன் பெயர் மோர்ட். அவன் சொல்வதை முழுக்கக் கேளுங்கள், உங்கள் முதுகில் பச்சை குத்தியிருப்பதை அவனைப் படிக்கச் சொல்லுங்கள். அவன் வாசித்துச் சொல்வதையும், எதையாவது அவன் விழுங்குவதாகத் தோன்றினால் அந்த இடத்தையும் நோட்டில் எழுதுங்கள். பிற்பாடு இந்த எழுத்தைத் தேடி அவசியம் திரும்பி வருவீர்கள்.

பிணவறையைச் சண்டைக்களமாக நினைத்து எல்லாரையும் வெட்டத் தொடங்குவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வெளியேற வாள் வேண்டியதில்லை. பேசியும் வெளியேறலாம், வேடம் போட்டும் வெளியேறலாம். சாவி வைத்திருக்கும் ஒரு நடைபிணத்தை மட்டும் தொடக்கத்தில் வீழ்த்த வேண்டியிருக்கும், அதற்கான சிறு கத்தி அலமாரியிலேயே கிடைக்கும்.

இரண்டு பேரிடம் கட்டாயம் நின்று பேசுங்கள். ஒருவர் பேரேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் வயதான எழுத்தர் தால். உங்களை முன்பே பார்த்தவர் அவர். மற்றொருவர் டியோனாரா என்ற பெண்ணின் ஆவி. அவளிடம் இரண்டு கேள்வியோடு திரும்பிவிடாதீர்கள். பேச்சை ஆழமாகக் கொண்டுபோனால், விழுந்த தோழர்களை மீண்டும் எழுப்பும் ஆற்றல் உங்களுக்கு நினைவுக்கு வரும். ஆட்டம் முழுக்கப் பயன்படும் ஆற்றல் அது.

ஊர்ப் பேச்சு

பிணவறையை விட்டு வெளியே வந்தால் சிகில் நகரம். வளையத்தின் உட்புறச் சுவரில் கட்டிய ஊர் அது. தலைக்கு மேலே வானத்துக்குப் பதில் ஊரின் மறுபக்கம் தெரியும். எந்த வளைவும் வேறோர் உலகுக்கு வாசலாக இருக்கலாம், சரியான பொருளை நீங்கள் கொண்டுபோயிருந்தால். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டுக்காக டேவிட் குக் வடிவமைத்து 1994-இல் வெளிவந்த பிளேன்ஸ்கேப் உலகம் இது.

இங்கே பலரைத் தடுத்து நிறுத்துவது மொழி. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்குக்கூட முதல் ஒரு மணி நேரம் பாதிதான் புரியும். பழைய லண்டன் திருடர்களின் பேச்சிலிருந்து எடுத்த வழக்கைத்தான் இந்த ஊரார் பேசுகிறார்கள். நம் இலக்கணத்தில் குழூஉக்குறி என்று படித்திருக்கிறோமே, பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், அதே சங்கதிதான். ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வைத்துக்கொண்ட சொற்கள். நோட்டின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதிவைத்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்:

பெர்க்: மடையன். கட்டர்: சாமர்த்தியசாலி, 'என்னப்பா' என்று கூப்பிடுவது போன்ற விளி. பார்மி: புத்தி பேதலித்தவன். ஜிங்க்: காசு. சாண்ட்: ஊரில் அடிபடும் செய்தி. டார்க்: மறைந்திருக்கும் உண்மை. பீல்: ஏமாற்றுவது. கிப்: தங்கும் இடம். டெட்-புக்கில் போடுவது: ஒருவரைத் தீர்த்துக்கட்டுவது. பைக் இட்: போய்த் தொலை.

அகராதியைப் புரட்டி ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டாம். நாயகனுக்கும் இந்த ஊர் மறந்துபோயிருக்கிறது, புரியாததைக் கேட்கும் பதில்கள் உரையாடலிலேயே இருக்கின்றன. அவன் தெரிந்துகொள்ளும் வேகத்தில் நீங்களும் தெரிந்துகொண்டால் போதும்.

ஹைவ்: இங்கே அவசரம் வேண்டாம்

ஹைவ் சிகிலின் ஏழைப் பகுதி. பிணம் பொறுக்குவோரும் திருடர்களும் பைத்தியக்காரர்களும் நிறைந்த சந்துகள். முதல் 10 மணி நேரத்தை இங்கே கழிக்கலாம், கழிக்கவும் வேண்டும்.

முதலில் ஸ்மோல்டரிங் கார்ப்ஸ் என்ற மதுக்கடைக்குப் போங்கள். அங்கே டக்கான் என்ற, கித்சராய் இனத்தைச் சேர்ந்த முதிய வீரர் இருப்பார், அவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கையில் வட்ட வட்டமாகச் சுழலும் கல் நூல் ஒன்று உண்டு. 'செர்த்திமானின் வழியைக் கற்றுக்கொடுங்கள்' என்று கேட்டால் ஒவ்வொரு வட்டமாகத் திறந்து கதை சொல்வார், ஒவ்வொன்றின் முடிவிலும் நீங்கள் என்ன புரிந்துகொண்டீர்கள் என்று கேட்பார். ஒரே மூச்சில் முடிக்காமல் ஒரு நாளைக்கு இரண்டு வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞானமும் அறிவும் குறைவாக இருந்தால் பாதியில் நின்றுபோகும். லெவல் ஏறிய பிறகு திரும்பவும் கேளுங்கள். கடைசி வட்டங்களில் யார் ஆசிரியர், யார் மாணவர் என்பதே மாறத் தொடங்கும். பல நூறு கேம்களில் தேடினாலும் இதற்கு இணையான ஓர் உரையாடல் அரிது.

அடுத்து ராக்பிக்கர்ஸ் சதுக்கம். அங்கே குடிசையில் இருக்கும் கிழவி மெபத், நீங்கள் மந்திரவாதியாக மாறுவதற்கு வழி. நாயகன் போர்வீரனாகத்தான் தொடங்குகிறான், அறிவும் ஞானமும் உள்ளவனுக்கு மந்திரவாதி வழிதான் பொருந்தும். கற்றுத்தரச் சொல்லிக் கேட்டால் கிழவி உடனே சம்மதிக்க மாட்டாள். முள்விதை கொண்டுவா, துணி வாங்கிவா, மை வாங்கிவா என்று மூன்று எடுபிடி வேலைகள் வைப்பாள். இவற்றை அலைச்சலாக நினைத்து விட்டுவிடாதீர்கள். வேலை முடிந்து திரும்பும்போது அவள் கேட்கும் கேள்விகளும், நீங்கள் சொல்லும் பதில்களும்தான் அந்தப் பாடம். மந்திரம் என்பது என்ன என்று அவள் கடைசியில் சொல்லும் இடத்தில் இந்த மூன்று வேலைகளுக்கும் பொருள் கிடைக்கும்.

இதே பகுதியில்தான் பலர் முதன்முறையாகச் சிக்கிக்கொள்கிறார்கள். ஃபாரோட் என்பவனைத் தேட வேண்டும் என்று தெரியும், குப்பைமேட்டு வளைவும் கண்ணுக்குத் தெரியும், ஆனால் வழி திறக்காது. கையில் ஒரு பிடி குப்பைப் பொருள் இருந்தால்தான் அந்த வாசல் திறக்கும். அந்தப் பகுதி ஆட்களிடம் விசாரித்தால் அவர்களே சொல்வார்கள். 'பொருளை வைத்திரு, வாசல் திறக்கும்' என்பதே இந்த ஊரின் விதி, பிற்பாடும் எங்காவது முட்டிக்கொண்டால் இதை நினைத்துப் பாருங்கள்.

ஃபாரோட் ஒரு வெண்கல உருண்டையைக் கொண்டுவரச் சொல்வான். கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், கதை நகரும், அதை மறந்துவிடுவீர்கள். மறக்காதீர்கள். கதை முன்னே போன பிறகு ஒரு முறை ஃபாரோட்டின் இடத்துக்குத் திரும்பி வந்து அந்த உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை பையில் இருக்கட்டும். ஏன் என்று சொன்னால் ஒரு பெரிய தருணத்தைக் கெடுத்ததாகிவிடும்.

ஹைவில் கவனிக்க இன்னும் இரண்டு. மண்டை ஒளிரும் எலிகள் தனித்தனியாக வந்தால் அற்பம், கூட்டமாகச் சேர்ந்தால் அவற்றின் அறிவு கூடும், மந்திரம் வீசத் தொடங்கும். ஆகவே குறுகிய சந்தில் நின்று சிறு சிறு கூட்டமாக எதிர்கொள்ளுங்கள். தெருக்களில் பல இடங்களில் ஓய்வெடுக்கவும் விடாது, காயத்தோடு அலையாமல் விடுதிக்குப் போய்த் தூங்குங்கள்.

பதில்களைப் படிக்கும் முறை

ஒரே வாக்கியம் பட்டியலில் இரண்டு முறை வரும். ஒன்றின் முன்னால் 'உண்மை' என்றும் மற்றொன்றின் முன்னால் 'பொய்' என்றும் குறித்திருக்கும். கேட்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் 'உதவுகிறேன்' என்று மனதார வாக்குக் கொடுத்தீர்களா, வாய்க்கு வந்ததைச் சொன்னீர்களா என்பதைக் கேம் கணக்கில் வைத்துக்கொள்ளும். நாயகனின் குணநிலை நடுநிலையில் தொடங்கி இந்தத் தேர்வுகளால் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பரிசுக்காகத் தேர்ந்தெடுக்காமல், அந்த நிமிடம் உங்களுக்கு என்ன தோன்றியதோ அதையே தேர்ந்தெடுங்கள். பெயர் கேட்கிறவர்களிடமெல்லாம் ஒரே பொய்ப்பெயரைச் சொல்லிக்கொண்டே போய்ப் பாருங்கள். இந்த ஊரில் நம்பிக்கைக்கு எடை உண்டு, அந்தப் பொய் ஒரு நாள் உங்கள் முன் வந்து நிற்கும்.

உடன் வருகிறவர்களிடம் ஒவ்வொரு பெரிய நிகழ்வுக்குப் பிறகும் பேசுங்கள். புதிய பதில்கள் முளைத்திருக்கும். பையில் உள்ள பொருட்களின் விளக்கத்தையும் திறந்து படியுங்கள், சில பொருட்கள் உரையாடல்போலவே விரியும். அனுபவப் புள்ளிகளிலும் பேச்சுக்கே பெரும்பங்கு. ஒரு நல்ல உரையாடல் தரும் புள்ளிக்கு நிகராகத் தெருச் சண்டையில் சம்பாதிக்க மணிக்கணக்கில் வெட்ட வேண்டும்.

ஓர் அமர்வு ஒன்றரை மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு. அதற்கு மேல் போனால் கண் வரிகளைத் தாண்டத் தொடங்குகிறது, விரல் கடைசிப் பதிலைத் தானாக அழுத்துகிறது. நிறுத்தும்போது நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: இப்போது எங்கே இருக்கிறேன், யாரைத் தேடுகிறேன், யார்மேல் சந்தேகம். ஒரு வாரம் இடைவெளி விழுந்தாலும் அந்த மூன்று வரி உங்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும்.

கிளார்க்ஸ் வார்டு, அதன்பின் ரேவல்

ஹைவைத் தாண்டியதும் ஊரின் செல்வச் செழிப்பான பகுதி. அறிவுப்பசி தீர்க்கும் விடுதி ஒன்று இங்கே உண்டு, அதை நடத்தும் ஃபால்-ஃப்ரம்-கிரேஸை அவசியம் சேர்த்துக்கொள்ளுங்கள். காயம் ஆற்றும் ஆற்றல் அவளிடம் இருப்பதால் இனிவரும் சண்டைகளின் பாரம் குறையும். விடுதியில் உள்ள ஒவ்வொரு பெண்ணோடும் தனித்தனியாகப் பேசுங்கள், ஒருவர் கதை மற்றொருவர் கதையில் போய்ச் சேரும். பிறர் அனுபவங்களைக் கல்லில் பதித்துவைத்திருக்கும் சென்சோரியமும் இங்கேதான். அங்கே அமைதியான ஓர் இரவை ஒதுக்கி, ஹெட்போன் போட்டு ஆடுங்கள்.

அபூர்வப் பொருட்கள் விற்கும் கடையில், மோட்ரான் என்ற இயந்திர உயிரினத்தின் வடிவில் ஒரு பொம்மைப் பெட்டி விற்கும். வாங்கித் திருகிப் பார்த்தால் ஒரு புதிர்க்கோட்டையும், அதற்குள் நார்டம் என்ற தோழனும் கிடைப்பார்கள். கடைக்காரி சொல்வதைக் கேட்காமல் போகிறவர்கள் அவனைச் சந்திக்காமலேயே கேமை முடித்துவிடுகிறார்கள். உங்களோடு ஐந்து பேர் வரை வரலாம். தோழர்கள் மொத்தம் ஏழு பேர் என்பதால் யாரை விடுவது என்ற கேள்வி எழும்.

ரேவல் என்ற சூனியக்காரியின் புதிர்வழிக்குள் நுழையுமுன் சிகிலில் மிச்சமிருக்கும் எல்லா வேலைகளையும் முடித்துவிடுங்கள். உள்ளே போனால் நெடுநேரம் ஊர் திரும்ப முடியாது. தனி சேவ் ஒன்று வையுங்கள். ரேவல் ஒரு கேள்வி கேட்பாள்: 'மனிதனின் இயல்பை எது மாற்றும்?' பட்டியலில் பல பதில்கள் இருக்கும். சரியான விடை எது என்று இணையத்தில் தேடாதீர்கள். அவள் கேட்பது உங்கள் பதிலைத்தான்.

இதற்குப் பின்வரும் கர்ஸ்ட் நகரமும் அதைத் தொடரும் பகுதிகளும் கேமின் மெலிந்த பகுதி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பேச்சு குறையும், சண்டை பெருகும். நிதானமாக ஆடியவர்கள் பலர் இங்கேதான் சலித்து நிறுத்துகிறார்கள். அதற்காகவே முன்கூட்டித் தயாராகுங்கள்: சிகிலை விட்டுக் கிளம்புமுன் காயம் ஆற்றும் தாயத்துகளைக் கைநிறைய வாங்குங்கள், சிரம அளவை இன்னும் குறையுங்கள், சண்டையைத் தவிர்த்து ஓட முடிகிற இடங்களில் ஓடிவிடுங்கள். கர்ஸ்டின் சிறைக்குள் நிற்கும் வெற்றுக் கவசத்தோடு மட்டும் நின்று பேசுங்கள். அவன் வைலர், நீதி ஒன்றைத் தவிர வேறெதுவும் அறியாதவன். இந்த மேட்டைக் கடந்தால் இறுதிக் கோட்டை. தொடக்கத்தில் ஞானத்துக்குப் போட்ட ஒவ்வொரு புள்ளியும் அங்கே கணக்குக்கு வரும், கடைசி மோதலை ஒரு வாள்வீச்சும் இல்லாமல் பேசியே முடிக்கலாம். பையில் இருக்கும் வெண்கல உருண்டையையும் அங்கே எடுத்துப் பாருங்கள்.

முடித்த பிறகு

ஒரு வாரம் வேறெதையும் தொடங்காதீர்கள். அதன்பின் டிஸ்கோ எலிசியம் சரியாக இருக்கும். ஸா/உம் ஸ்டுடியோ 2019 அக்டோபரில் வெளியிட்டது, 2021-இல் வந்த ஃபைனல் கட் பதிப்பில் முழுக்கக் குரலும் உண்டு. வழக்கமான சண்டை முறையே அதில் கிடையாது. 4 பண்புகள், அவற்றின் கீழ் 24 திறன்கள், அந்தத் திறன்களே நாயகனின் தலைக்குள் பேசும். பேசும்போதும் படிக்கும்போதும்தான் அங்கே கடிகாரம் ஓடும், நடந்து சுற்றுவதற்கு நேரம் செலவாகாது, ஆகவே தெருத்தெருவாக நிதானமாக அலையலாம். ஒரு திறனைச் சோதிக்கும்போது இரண்டு பகடைகள் உருளும். வெள்ளைச் சோதனையில் தோற்றால் அந்தத் திறனுக்கு ஒரு புள்ளி சேர்த்துவிட்டு மறுபடி முயலலாம். சிவப்புச் சோதனைக்கு ஒரே ஒரு வாய்ப்பு. சிவப்பில் தோற்றதும் பழைய சேவ் ஒன்றை ஏற்றாதீர்கள், தோல்விக்கென்றே எழுதிய காட்சிகள் வெற்றிக்கு எழுதியவற்றைவிடப் பல இடங்களில் மேலானவை. உடல் பண்பை 1-இல் வைத்துவிட்டு முதல் அறையிலேயே உயிர் போகிறவர்கள் உண்டு, அதனால் அதற்குக் குறைந்தது 2 கொடுங்கள்.

எழுத்தைவிட ஊர் சுற்றும் ஏக்கம் அதிகம் என்றால் 2002-இல் பெதஸ்டா வெளியிட்ட மாரோவிண்ட். அதில் அம்புக்குறி கிடையாது. 'ஆற்றைத் தாண்டி வடக்கே போ, பாதை பிரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு' என்று ஆட்கள் வாயால் சொல்லும் வழியைக் கேட்டுத்தான் போக வேண்டும். தொடக்கத்தில் ஆயுதம் எதிரிமேல் படவே மாட்டேன் என்கிறதே என்று பலர் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடுகிறார்கள். ஓடி ஓடிக் களைப்புப் பட்டை காலியானதுதான் பெரும்பாலும் காரணம். ஓட்டத்தை நிறுத்தி நடந்து போங்கள். உங்கள் முதன்மைத் திறனுக்குரிய ஆயுதத்தையே கையில் பிடியுங்கள். செய்தா நீன் ஊரிலிருந்து பல்மோராவுக்கு சில்ட் ஸ்ட்ரைடர் என்ற பெரும்பூச்சி வண்டி போகும். முதல் முறை அதில் ஏறாமல் நடந்தே போனால், அந்தத் தீவின் சாலைகள் காலுக்குப் பழகிவிடும்.